இரண்டு மிஸ் ஏழுமலை

அத்தியாயம் பன்னிரண்டு

மெத்தைக்கு அடியில் கடிதம் வந்து அன்றோடு பதினோரு நாள் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை. சுஷீலா குளித்துவிட்டுத் தன் அறையில் விளக்கேற்றினாள். மாரியம்மன் படத்துக்கு முன்னால் கை கூப்பியவள் அம்மனின் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தை மட்டும் பார்த்தாள். பதினோரு நாளாக அப்படித்தான். முகத்தைப் பார்த்தால் ஏதோ கேட்டுவிடும் போல இருந்தது.

லோவு ஊர்க் கடைக்குத் தபால் வாங்கப் போனவள், ஆக்லாந்து முத்திரை குத்திய நீள உறை ஒன்றைக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு திரும்பியதைப் போன வாரம் பார்த்தோம். உறையின் மேல் 'மிஸ் எஸ். பல்ராம்' என்று அச்சடித்திருந்தது. அது அவளுடைய ஒரே மகள் ஷீனலுக்கு வந்தது. சினிமாவும் டெலிவிஷனும் கற்றுக்கொடுக்கிற ஒரு பள்ளி அனுப்பியிருந்தது.

சுஷீலா அதைப் பிரிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒவ்வொரு ராத்திரியும் அதன் மேலேயே படுத்துக்கொண்டாள். முதல் மூன்று நாள் ஷீனல் தபால் வந்ததா என்று கேட்டாள். நாலாவது நாளிலிருந்து கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் சுஷீலாவால் தாங்க முடியாமல் இருந்தது. ஆனாலும் கொடுக்கவில்லை.

காரணம் உர்மிளா.

அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னவள் உர்மிளா. விண்ணப்பப் பாரங்களை நிரப்பியவள் உர்மிளா. வரும் வியாழக்கிழமை ஆக்லாந்துக்கு விமானம் ஏறப் போகிறவளும், என் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்று சொன்னவளும் அவள்தான். கூடப் பிறந்த தங்கை.

இருபது வருஷத்துக் கதை அது. எண்பத்தேழாம் வருஷம் மே மாதம் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்தது. சில மாதங்களில் தீவின் தலைநகர் சுவாவில் பல அலுவலகங்களில் நாற்காலிகள் காலியாகிவிட்டன. சிட்னிக்கும் வான்கூவருக்கும் போனவர்கள் போக, ஆள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரங்கள் வந்துகொண்டே இருந்தன. விளம்பரப் படம் எடுக்கிற சின்னக் கம்பெனி ஒன்றும் உதவிக்கு ஒரு பெண் தேவை என்று போட்டிருந்தது.

அக்காவும் தங்கையும் இரண்டு பேருமே மனு எழுதினார்கள். சரியாகச் சொன்னால், இரண்டு மனுவையும் எழுதியவள் சுஷீலா. உர்மிளாவின் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். 'நீயே எழுதிக் கொடுக்கா' என்று அவள் கெஞ்ச, சுஷீலா தன்னுடையதை முடித்துவிட்டுத் தங்கைக்கும் எழுதினாள். இரண்டின் அடியிலும் 'மிஸ் ஏழுமலை, லோவு' என்று மட்டும் போட்டாள்.

வேலைக்கு வரச் சொல்லிப் பதில் ஒன்றே ஒன்றுதான் வந்தது. உறையில் 'மிஸ் ஏழுமலை, லோவு' என்று இருந்தது. அப்பாவின் பெயர்தானே நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கடைசிப் பெயர்? முதலெழுத்து இல்லை. உள்ளேயும் இல்லை. வீட்டில் இரண்டு மிஸ் ஏழுமலை இருந்தார்கள்.

நைனா ஏழுமலை கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரியவளுக்குத்தான் நவம்பரில் கல்யாணம் வைத்திருக்கிறதே, சின்னவள் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கரும்புக்கு உரம் போடப் போய்விட்டார். அவ்வளவுதான் பேச்சு. சுஷீலாவே தங்கைக்குத் தலை பின்னி, பஸ் ஏற்றிவிட்டாள். கை ஆட்டினாள். பஸ் திரும்பி மறைந்ததும், அது என் கடிதத்துக்கு வந்த பதில் என்று முதல் தடவையாகத் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அன்றைக்குச் சொன்னதை அதன் பிறகு நிறுத்தவே இல்லை.

உர்மிளா டீ கொண்டுபோய்க் கொடுத்தாள், வயர் சுற்றினாள், சோப்பு விளம்பரத்துக்குக் குழந்தைகளைத் தேடிப் பிடித்தாள். டெங்கு கொசுவைப் பற்றிய படத்துக்கு வீடு வீடாகப் போய்ப் பழைய டயர்களைச் சேர்த்தாள். தொண்ணூறுகளில் ஊருக்கு டெலிவிஷன் வந்தபோது வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் அவளும் ஒருத்தி. பிறகு ஞாயிறுதோறும் ஒரு குடும்ப நிகழ்ச்சி. கடைசியில் அவள் பெயர் ஓடும். தயாரிப்பாளர், உர்மிளா ஏழுமலை. இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடிக்குச் சரியாகச் சுஷீலாவுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

இரண்டாயிரத்தில் மறுபடி சிலர் துப்பாக்கியோடு வந்து ஆட்சியைப் பிடித்தார்கள். ஊரை விட்டுப் போகிற குடும்பங்களைப் பற்றி அப்போது உர்மிளா எடுத்த படத்தை ஆக்லாந்தில் காட்டினார்கள். அங்கே வேலை கொடுக்கிறோம் என்றார்கள். அவள் போகவில்லை. போன டிசம்பரில் மறுபடியும் பட்டாளம் வந்தபோதுதான் சரி என்றாள்.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு நிகழ்ச்சி பாக்கி இருந்தது. போகாமல் இங்கேயே இருக்கிற பெண்களைப் பற்றியது. அதில் தமிழில் பேச ஒருத்தி வேண்டும். உர்மிளா அக்காவைக் கேட்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வேன் வந்து நின்றது.

உர்மிளா இறங்கினாள். நாற்பது வயதில் கூந்தலை வெட்டியிருந்தாள். கால்சட்டை, மண் ஒட்டிய ரப்பர் பூட்ஸ். கூட வந்தது கேமராக்காரன் ஆசிம் மட்டும். ஒலிப்பதிவு செய்கிறவர் போன வாரம்தான் குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குக் கிளம்பிப் போய்விட்டாராம். ஆசிம் நாடி நகரத்தில் பிறந்த முஸ்லிம் பையன். வாய் ஓயாதவன். வழியில் பட்டாளத்துக்காரர்கள் வண்டியை மறித்துப் பெட்டிகளைத் திறந்து பார்த்ததையும், கடைசியில் ஒருவன் தன் முகத்தை எந்தக் கிழமை டிவியில் காட்டுவீர்கள் என்று கேட்டதையும் இந்தியில் சொல்லிச் சிரித்தான்.

ஷீனல் வாசலுக்கு ஓடினாள்.

"சின்மா!"

சின்னம்மா என்பதை அவள் நாக்கு சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் சுருட்டும். அவளுக்கு வீட்டிலும் பள்ளியிலும் இந்திதான். தமிழ் பத்து வார்த்தைக்கு மேல் தங்காது. சினிமாவைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதே என்று எல்லாரும் சிரிப்பார்கள். சுஷீலாவும் ஒரு காலத்தில் சிரித்திருக்கிறாள். இன்றைக்கு அந்தச் சொல் சமையலறை வரை வந்து காதில் குத்தியது. அதில் பாதி 'அம்மா' இருப்பதை இத்தனை வருஷம் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று நினைத்தாள்.

உர்மிளா நேராக உள்ளே வந்து, டீ கூடக் கேட்காமல், கேபின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். நேற்று மார்டின்டாரில் பல்ராம் மாமா வேலை செய்கிற ஹோட்டலில்தான் தங்கினோம், மாமா தன் கையால் மீன் குழம்பு வைத்துக் கொடுத்தார் என்றாள். சுஷீலாவின் புருஷன் பல்ராம், குத்தகை நிலம் கைவிட்டுப் போன பிறகு அங்கேதான் சமையல் வேலைக்குப் போகிறான். எனக்கு மீன் குழம்பு வைத்துக் கொடுத்து எத்தனை வருஷம் ஆகிறது என்று சுஷீலா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பொறாமைக்குச் சின்னது பெரியது கிடையாது. மீன் குழம்பும் போதும்.

"பாப்பாவுக்கு லெட்டர் வந்துச்சாக்கா?" உர்மிளா பிஸ்கட்டை மென்றுகொண்டே கேட்டாள்.

"வரல."

"இந்நேரம் வந்திருக்கணுமே."

"வரலன்னா வரலதான். இன்னா பண்ணச் சொல்றே?"

உர்மிளா அதற்கு மேல் கேட்கவில்லை. ஒலிப்பதிவுக்கு ஆள் இல்லை, பாப்பாவைக் கொஞ்சம் தருகிறாயா என்று மட்டும் கேட்டாள். தருகிறாயா என்ற அந்தச் சொல்லைச் சுஷீலா பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள்.

அரை மணி நேரத்தில் வீடு மாறிவிட்டது. சாப்பாட்டு மேசை வெளியே போனது. ஜன்னல் திரை கழன்றது. உர்மிளா பக்கத்து வீட்டுக்குப் போய், நாயைக் கொஞ்ச நேரம் கட்டிப் போடும்படி கேட்டுக்கொண்டு, அவர்கள் வீட்டுக் கிழவரின் கால் புண்ணை விசாரித்துவிட்டு, திரும்பும்போது கைநிறைய மிளகாய் வாங்கி வந்தாள். இதையெல்லாம் செய்ய எதற்கு ஒரு பெரிய பெயர் என்று சுஷீலாவுக்குத் தோன்றியது. நாய் கட்டச் சொல்கிறவளுக்குத் தயாரிப்பாளர் என்று பட்டமா? என்னாலும் கட்டச் சொல்லியிருக்க முடியும்.

ஷீனலின் காதுகளில் பெரிய ஹெட்போன் ஏறியிருந்தது. கையில் மைக் வைத்த நீளக் கம்பு. உர்மிளா அவளுடைய முழங்கையைப் பிடித்து எப்படி உயர்த்துவது என்று காட்டினாள். ஒரே தடவைதான் காட்டினாள். பெண் அதைப் பல வருஷம் பிடித்தவள் போலப் பிடித்துக்கொண்டாள். பதினோரு நாளாகச் செத்துக்கிடந்த அந்த முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது சுஷீலா இல்லை.

சுஷீலாவை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நல்ல மஞ்சள் சேலை. உர்மிளா கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன கேட்டாலும் ஒன்று சொல்வது என்று சுஷீலா இரண்டு நாளாக முடிவு செய்து வைத்திருந்தாள். உன்னுடைய நாற்காலி என்னுடையது. அதைத் தமிழில், ஊர் பார்க்க, அவளுடைய நிகழ்ச்சியிலேயே சொல்வது. கடைசியில் அவள் பெயர் ஓடும்போது ஜனங்களுக்குத் தெரியட்டும்.

உர்மிளா வாய் திறந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி மழை. பெரிய மழை இல்லை. ஆனால் தகரக் கூரை. தலைக்கு மேல் பட்டாணி வறுக்கிற சத்தம். ஷீனல் ஹெட்போனைக் கழற்றித் தலையை ஆட்டினாள். பத்து நிமிஷம் பார்த்தார்கள். இருபது நிமிஷம் பார்த்தார்கள். நான்கு மணிக்குள் கிளம்பினால்தான் இருட்டுவதற்குள் சோதனைச் சாவடிகளைத் தாண்ட முடியும் என்று ஆசிம் நினைவுபடுத்தினான். வேறு நாள் வரலாமா என்றால், வேறு நாள் இல்லை.

"மெத்தை" என்றாள் ஷீனல் திடீரென்று. அவளுக்குத் தெரிந்த பத்துத் தமிழ் வார்த்தைகளில் அது ஒன்று. மற்றதை இந்தியில் சொன்னாள். கூரைக்கு மேலே சாக்கும் மெத்தையும் பரப்பினால் மழை அதன் மேல் விழும், சத்தம் வராது.

உர்மிளா அவளைப் பார்த்தாள். "இதை யார் சொல்லிக் குடுத்தது உனக்கு?"

யாரும் இல்லை என்று பெண் தோளைக் குலுக்கினாள். உர்மிளா அக்காவின் பக்கம் திரும்பி, இந்த வித்தையைக் கண்டுபிடிக்கத் தனக்கு ஆறு வருஷம் ஆயிற்று என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். சுஷீலாவின் நெஞ்சில் ஒரு பக்கம் பெருமை பொங்கியது, மறுபக்கம் புகைந்தது. எந்தப் பக்கம் அதிகம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆசிம் ஏணியைச் சாத்தினான். பழைய சாக்குகள் ஏறின. ஷீனலின் கட்டில் மெத்தை ஏறியது. சத்தம் பாதி குறைந்தது. இன்னொன்று இருந்தால் போதும் என்று மேலேயிருந்து ஆசிம் கத்தினான்.

ஷீனல் அம்மாவின் அறைக்குள் ஓடினாள், உர்மிளாவும் பின்னாலேயே போனாள்.

சுஷீலா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக் கழன்று விழுந்தது. அந்த மெத்தை வேண்டாம், நனைந்தால் காயாது, அப்பாவுக்கு முதுகு வலி என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு பின்னால் ஓடினாள். அவள் போவதற்குள் ஷீனல் தலைமாட்டைப் பிடித்திருந்தாள், உர்மிளா கால்மாட்டை. உர்மிளாவின் பக்கம்தான் முதலில் தூக்கினார்கள்.

உறை தெரிந்தது. நீளமான வெள்ளை உறை. பதினோரு ராத்திரிப் பாரத்தில் பலகையோடு ஒட்டிப்போயிருந்தது. மூலையில் அந்தப் பள்ளியின் நீல முத்திரை.

உர்மிளா அதைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஷீனல் குனிந்து, முகம் தெரியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

உர்மிளா மெத்தையை மெல்லக் கீழே விட்டாள். படுக்கை விரிப்பை இழுத்துச் சுருக்கம் நீவினாள்.

"அம்மா சொல்றது சரிதான், பாப்பா. இது கனம். இலவம் பஞ்சு. தண்ணி குடிச்சிடும். கொட்டாயில கரும்புச் சோகை கிடக்குதே, அதை அள்ளிப் போடுங்க."

ஷீனல் ஓடிவிட்டாள். பெண்ணின் காலடிச் சத்தம் கொட்டகை வரை போய்த் தேய்ந்தது.

திட்டுவாள் என்று சுஷீலா காத்திருந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்ட இருபது வருஷச் சரக்கு தயாராக இருந்தது. உர்மிளா திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். சரியாக அந்த உறையின் மேல், அக்கா படுக்கிற இடத்தில். பிறகு எழுந்து போய், வேனிலிருந்து ஒரு பழுப்பு அட்டையை எடுத்து வந்தாள். முதலில் அவள் வேலை பார்த்த கம்பெனியைப் போன மாதம் மூடிவிட்டு முதலாளி ஆஸ்திரேலியா போகிறார், அவரவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார் என்று தணிந்த குரலில் சொன்னாள். படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போது கொடுக்கலாம் என்றுதான் வைத்திருந்தாளாம்.

"இப்பவே பாத்துடுக்கா."

அட்டைக்குள் இரண்டு தாள்கள். துருப்பிடித்த ஒரே குண்டூசியில் சேர்த்துக் குத்தியிருந்தது. மை வெளுத்திருந்தாலும் சுஷீலாவுக்குத் தன் எழுத்து தெரிந்தது. மேலே இருந்தது அவளுடைய மனு. கீழே இருந்தது உர்மிளாவுடையது. அதுவும் அவள் எழுத்து. மேல் தாளின் ஓரத்தில் யாரோ சிவப்புப் பென்சிலால் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தார்கள். சுஷீலா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய, இரண்டு தடவை படித்தாள். அதன் பொருள் இதுதான்:

'இரண்டும் ஒரே கையெழுத்து. ஒரே பெயர், ஒரே ஊர். இந்தப் பெண் இரண்டு தடவை மனுப் போட்டிருக்கிறாள். இவ்வளவு ஆசை இருப்பவளைக் கூப்பிடுங்கள்.'

மழை தகரத்தில் பட்டாணி வறுத்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பதில் உன்னுதும் இல்லக்கா, என்னுதும் இல்ல" என்றாள் உர்மிளா. "ரெண்டுத்துல எது ஒண்ணு மட்டும் போயிருந்தாலும் குப்பையிலதான் போட்டிருப்பாங்க. முதலாளியே சொன்னாரு, நூறு மனு வந்துதாம். நீ எனக்கும் எழுதிக் குடுத்தே பாரு, அதனாலதான் கூப்ட்டாங்க."

சுஷீலா கீழ்த் தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

தங்கைக்கு எழுதிய அந்த அரை மணி நேரம் அவளுக்கு முழுசாக மறந்தே போயிருந்தது. பேனா மை தீர்ந்து, பக்கத்து வீட்டில் பேனா வாங்கி வரச் சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதை இருபது வருஷமாக எண்ணிக்கொண்டிருந்தவள், தான் கொடுத்ததை ஒரு நாளும் எண்ணவில்லை. நம்மில் பலருக்கு அப்படித்தான். நாம் செய்த நல்லது நம் கண்ணுக்குப் படாமலே எங்கேயோ போய்க் காய்த்துக்கொண்டிருக்கும். நாம் அந்த மரத்தடியில் உட்கார்ந்துகொண்டே நிழல் இல்லை என்று அழுவோம்.

"எனக்குத் தெரியாமப் போச்சுடி" என்றாள் கடைசியில். "என்னுதுன்னு நினைச்சு நினைச்சு... இப்ப எம் பொண்ணையும் கூட்டிக்கினு போறே."

"நான் கூட்டிக்கினு போகல. பாப்பாவுக்கு அந்தப் புத்தி உங்கிட்ட இருந்து வருது. மெத்தை போடலாம்னு எங்கிட்ட இருந்தா வந்துச்சு?"

வெளியில் கரும்புச் சோகை கூரையில் சரசரவென்று விழுந்தது. சத்தம் குறைந்தது, இன்னும் குறைந்தது, பிறகு மழை பெய்வதே தெரியாத அளவுக்கு அடங்கிவிட்டது. தயார் என்று ஆசிம் கூப்பிட்டான்.

உர்மிளா அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விழுந்த மைக்கை எடுத்து அக்காவின் சட்டையில் குத்தி, முந்தானையைச் சரிசெய்துவிட்டு, முன்னால் போனாள்.

சுஷீலா அறையில் தனியாக நின்றாள். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மனின் பாதத்தைப் பார்த்தாள். பிறகு பார்வையை உயர்த்தினாள்.

அவள் கூடத்துக்கு வந்தபோது கையில் உறை இருந்தது.

ஆசிம் ஏற்கெனவே கேமராவை ஓடவிட்டிருந்தான். ஷீனல் கம்பைத் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடி, காதால் கேட்டுக்கொண்டிருந்தாள். உர்மிளா உறையைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள். கேமராவை நிறுத்தச் சொன்னாள். ஆசிமுக்குப் புரியவில்லை. நிறுத்து, லென்ஸை மூடு, வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வா என்றாள். தாய் மகளிடம் அப்படி ஒரு கடிதத்தை நீட்டுகிற காட்சியை எந்தத் தயாரிப்பாளரும் விடமாட்டார். உர்மிளா அதை விட்டுவிட்டாள்.

சுஷீலா மகளின் காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள். உறையை நீட்டினாள். பதினோரு நாளாகத் தான் ஒளித்து வைத்திருந்ததை இந்தியிலேயே சொன்னாள், பெண்ணுக்கு ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாது என்று.

ஷீனல் உறையை வாங்கினாள். அதன் கசங்கலைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"காஹே, அம்மா?"

ஏன் என்று கேட்க அவளுக்கு அந்தச் சொல்தான் வரும். அதற்குச் சுஷீலாவிடம் பதில் இருந்தது. இருபது வருஷ நீளம். அதைச் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஷீனல் உறையைக் கிழித்தாள். கண் வேகமாக ஓடியது. முகம் மலர்ந்தது. பிறகு கடைசி வரியில் அப்படியே நின்றுவிட்டது. அவள் தாளை உர்மிளாவிடம் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்டி மழைக்குள் போனாள்.

இடம் கிடைத்திருந்தது. வருவதாக இருந்தால் பிப்ரவரி ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. இன்று திங்கள், பன்னிரண்டு.

சுஷீலா தாளை வாங்கித் தேதியை இன்னொரு தடவை படித்தாள்.

உர்மிளா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பது. ஆக்லாந்தில் ஒரு மணி நேரம் கூடுதல். ஐந்து மணிக்கு ஆபீஸ் பூட்டுவார்கள். கைப்பேசியை எடுத்தாள். வீட்டுக்குள் சிக்னல் இல்லை. லோவுவில் அது கிடைக்கிற இடம் ஒன்றுதான், மேட்டில் இருக்கிற மாமரத்தடி. இரண்டு பேரும் சேற்றில் ஓடினார்கள். ஷீனல் அங்கேதான், பத்தடி தள்ளி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போகிற போக்கில் வாசலில் எடுத்த குடை ஒன்று அவள் கையில் மூடியபடியே இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை போலும்.

உர்மிளா எண்களை அழுத்தினாள். எனக்கு அங்கே ஒரு ஆளைத் தெரியும், நான் சமாளித்துச் சொல்கிறேன், தபால் தாமதம் என்று சொன்னால் போதும் என்றாள்.

மணி அடிக்க ஆரம்பித்தது.

"எங்கிட்ட குடு" என்றாள் சுஷீலா.

"அக்கா..."

"குடு உர்மி."

மறுமுனையில் ஒரு பெண் குரல் பேசியது. யார் பேசுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. சுஷீலா இருபது வருஷமாக யாரோடும் அந்த மொழியில் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசியதில்லை. ஒரு காலத்தில் அதில் அழகாக இரண்டு மனு எழுதியவள். நிமிர்ந்து நின்றாள். தெளிவாகச் சொன்னாள்.

தான் ஷீனல் பல்ராமின் தாய். கடிதம் உரிய நாளிலேயே வந்துவிட்டது. தபாலின் மேல் தப்பில்லை. மகள் தாமதிக்கவில்லை. மகளுக்கே இன்றுதான் தெரியும். ஒளித்துவைத்தது தான்தான். தண்டனை ஏதாவது உண்டு என்றால் அது தனக்கு இருக்கட்டும், அவளுக்கு வேண்டாம்.

பிறகு அந்தக் குரல், கொஞ்சம் மாறிப்போய், அப்படியே இருங்கள் அம்மா, சேர்க்கையைக் கவனிக்கிறவர் இன்னும் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்றது. காத்திருப்பவர்களுக்குப் போடுகிற ஏதோ பியானோ இசை வந்தது.

மழை வலுத்தது. மாமரம் சொட்டியது. சுஷீலா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். சேலை உடம்போடு ஒட்டிப்போயிருந்தது.

தலைக்கு மேல் மழை நின்றது.

ஷீனல் குடையை விரித்துப் பிடித்திருந்தாள். முகத்தை அந்தப் பக்கம், கரும்பு வயல் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். கோபம் போகவில்லை. ஆனால் மைக் கம்பைப் பிடித்த அதே கைதான் அது. அசையாமல், சரியாக அம்மாவின் தலைக்கு நேராக நின்றது.

போனில் இசை சட்டென்று நின்றது. யாரோ நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.